அப்பாவின் வயதைக் கேட்ட நாள்

என் கையும் காலும் குட்டையாக இருப்பதற்கு என் அம்மாவைக் காரணம் சொன்னவர்களில் ஒருவரைக்கூட நான் மன்னிக்கவில்லை. பாதிப் பேர் செத்துப் போய்விட்டார்கள். செத்தவர்களையும் மன்னிக்கவில்லை. வயதாகிவிட்டது, இனியாவது மனதைத் தேற்றிக்கொள் என்று புத்தி சொல்ல வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவேன். தேறி நான் என்ன செய்யப் போகிறேன்?

நான் மூன்றே கால் அடி உயரம். தலையும் உடம்பும் எல்லோருக்கும் போலத்தான். கைகால்கள் மட்டும் நீளாமல் நின்றுவிட்டன. எவ்வளவு எக்கினாலும் என் கை என் உச்சந்தலைக்கு எட்டாது. அம்மா இருந்தவரை அவள்தான் எனக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டாள். இன்றைக்கு வேலைக்கு வரும் பெண் வைத்துவிடுகிறாள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவின் முதல் மனைவி பிள்ளை இல்லாமல் இறந்துபோனாள். அதற்குப் பிறகு ஆட்டையாம்பட்டியிலிருந்து பதினெட்டு வயதுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அவள்தான் என் அம்மா. மாப்பிள்ளைக்கு அப்போது ஐம்பது. மறு வருஷம் அக்கா பிறந்தாள். நல்ல நிறம், நல்ல உயரம், ஒரு குறையும் இல்லை. நாலு வருஷம் கழித்து நான். நான் பிறந்தபோது அப்பாவுக்கு ஐம்பத்தைந்து, அம்மாவுக்கு இருபத்து மூன்று. இந்த இரண்டு எண்களையும் ஊரில் ஒருத்தரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குக் கிரகணம் ஒன்று கிடைத்துவிட்டதே!

எங்கள் பக்கத்தில் கிரகணம் பிடித்தால் பிள்ளை உண்டானவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டும். கத்தி, அரிவாள் தொடக்கூடாது. தொட்டு எதையாவது அறுத்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அங்கம் குறையும் என்பார்கள். நான் வயிற்றில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. அன்றைக்கு அம்மா காட்டில் மாட்டுத் தீனிக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்ததை அத்தை பார்த்துவிட்டாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. புருஷனை இழந்து வந்து எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டவள்.

நான் பிறந்ததும் மருத்துவச்சி என் கையை இழுத்து நீட்டிப் பார்த்தாளாம். நீளவில்லை. அத்தை வாசலுக்கு ஓடிப்போய், "தட்டையா அறுத்தா? புள்ளையோட கையுங் காலையுமல்லோ அறுத்துப்போட்டா!" என்று ஊர் கேட்கக் கத்தினாள். அப்பா அங்கேதான் நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

தீட்டுக் கழிந்ததும் அம்மாவையும் என்னையும் தோட்டத்துச் சாளைக்கு அனுப்பினார்கள். சாளை என்றால் தென்னங்கீற்று வேய்ந்த ஒற்றை அறை. பக்கத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை. அக்காவைப் பெரிய வீட்டிலேயே அத்தை வைத்துக்கொண்டாள். அம்மாவின் பேர் போய், 'கெரகணத்துல அறுத்தவ' என்பதே பேராகிவிட்டது. உண்டான பெண்கள் அவள் எதிரே வந்தால் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு வேலியோரம் ஒதுங்குவார்கள். அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு, அவர்களுக்கு வழிவிட்டு, வாய்க்காலில் இறங்கி நடப்பாள். எத்தனையோ முறை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அந்தச் சேற்றில் நடந்திருக்கிறேன். எனக்கு இடுப்புவரை சேறாகும்.

அப்பாவின் கௌரவமெல்லாம் கட்டுத்தரையில்தான் இருந்தது. அவர் வளர்த்த பொலிகாளைக்குச் சுற்று வட்டாரத்தில் பெரிய பேர். பசு பருவத்துக்கு வந்தால் பத்துக் கல் தொலைவிலிருந்தும் ஓட்டிக்கொண்டு வந்து அந்தக் காளைக்குச் சேர்ப்பார்கள். அந்தச் சமயத்தில் பெண்பிள்ளைகள் கட்டுத்தரைப் பக்கம் தலைகாட்டக்கூடாது. என்னை யாரும் விரட்டவில்லை. என்னைப் பெண் கணக்கில் யார் வைத்தார்கள்? நான் பாட்டுக்குத் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பேன், எல்லாவற்றையும் கேட்பேன். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயது சொல்ல ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய சமயம், எனக்குப் பதினேழு நடந்தது. ஒருநாள் மோகனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணையக்காரர் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். வந்தவர் கெஞ்சினார்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டனுங்க. காளை பாக்க நல்லாத்தானே நிக்குது?"

"நிக்குமுங்க. நின்னா ஆச்சா? வயசாயிப்போச்சு. கெழட்டுக் காளைக்குச் சேத்துனா கன்னு கோளாறாத்தான் உழுகும். பசுவைக் குத்தஞ் சொல்லிப் பிரயோசனம் இல்லீங்க. என்ற பேரைக் கெடுத்துக்க நான் தயாரா இல்லை."

அடுத்த சந்தையிலேயே அந்தக் காளையை விற்றுவிட்டு இளங்காளை ஒன்றைப் பிடித்து வந்தார். பசுவைக் குற்றம் சொல்லாத மகானுபாவர்! அவர் சொன்னதை அன்றைக்கு நான் காதில் வாங்கினேன், அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

அக்காவைத் திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கொடுத்திருந்தார்கள். நாலு வருஷமாகப் பிள்ளை இல்லை. அந்த வருஷம்தான் உண்டானாள். சந்தோஷப்பட வேண்டியவள் ஒருநாள் மத்தியானம் புருஷனைக் கூட்டிக்கொண்டு சாளைக்கே வந்துவிட்டாள். அம்மா அவளைக் கண்டதும் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். தன் பார்வை மகள் வயிற்றில் படக்கூடாதாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்புள்ளே, என்ற கொழந்தையும் உன்னையாட்டவே பொறந்துருமா?" என்று கேட்டாள்.

சுருக்கென்று தைத்தது. ஆனால் கேட்டவள் அழுதுகொண்டிருந்தாள். அம்மாவை விட்டால், அத்தை கண்ணுக்கு மறைவாக வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துச் சுமந்தவள் அவள் ஒருத்திதான். நான் கோபத்தை விழுங்கிக்கொண்டு, "எனக்கென்னக்கா தெரியும்? தெரிஞ்சவங்களக் கேப்போம் வா" என்றேன்.

மறுநாள் மூன்று பேரும் பஸ் ஏறிச் சேலம் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். அக்காவைப் பார்த்ததைவிட அதிக நேரம் என்னைப் பார்த்தார். கையை அளந்தார், காலை அளந்தார். குடும்பத்தில் என்னைப் போல் வேறு யாராவது உண்டா என்று கேட்டார். மூன்று தலைமுறைக்கு யாரும் இல்லை. அக்கா தயங்கித் தயங்கிக் கிரகணத்தைச் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

"அறுத்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. இது கரு உண்டாகும்போதே வந்துடுற மாற்றம். அம்மா உடம்பிலும் இருக்காது, அப்பா உடம்பிலும் இருக்காது. பிள்ளைகிட்டத்தான் புதுசா ஆரம்பிக்கும். இவங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தா அதுக்கு வரலாம். உங்க குழந்தைக்கு வர நியாயமே இல்லை. தைரியமா இருங்க."

அக்கா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஐந்து மாதப் பயம் அத்தனையும் அழுகையாக வந்தது. பிறகு அவளுக்குப் பிறந்தவன் ஆறடி வளர்ந்து, எங்கள் வீட்டு நிலைப்படியில் இன்றைக்கும் தலையை இடித்துக்கொள்கிறான்.

எனக்கு அது போதவில்லை. "அப்படின்னா எதனாலதானுங்க வருது?" என்று கேட்டேன். டாக்டர் எங்கள் அப்பா, அம்மா வயதை விசாரித்தார். சொன்னோம். "இந்த மாதிரிக் குழந்தைங்க பெத்தவங்களுக்கு வயசான பிறகு பிறக்கிறது கொஞ்சம் அதிகம்னு பார்த்திருக்காங்க. தாய் வயசா, தகப்பன் வயசான்னு இன்னும் தீரலை. உங்கம்மா அப்போ சின்ன வயசு. அப்போ மீதி இருக்கிறது யாரு?" என்றார். உடனே விரலை நீட்டி எச்சரிக்கவும் செய்தார். "அதுக்காகப் போய் அப்பாவைக் குற்றம் சொல்லாதே. வயசானவருக்குப் பிறக்கிற குழந்தைங்களும் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். உங்க அக்காவையே பாரு."

அந்த டாக்டர் தட்டுத் தடுமாறிச் சொன்னதை, பல வருஷம் கழித்து நான் சேலத்தில் வாத்தியார் வேலை பார்த்தபோது, விவரம் தெரிந்த ஒருவர் விளக்கிச் சொன்னார். பெண்ணுக்குக் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஆணுக்கு அப்படியில்லை. சாகும்வரை விந்து புதிது புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பழையதைப் பார்த்துப் படியெடுக்கிற வேலை. ஒரே பாடத்தை ஆயிரம் தடவை எழுதச் சொன்னால் பையன் எங்காவது ஓரெழுத்தைத் தப்பாக எழுதத்தானே செய்வான்? ஆணுக்கு வயது ஏற ஏற அந்தத் தப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன. என்னுடைய எலும்பை நிறுத்தியது அப்படிப்பட்ட ஓரெழுத்துப் பிழை. அவரும் கடைசியில் அதையேதான் சொன்னார்: இது தற்செயல், யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். நல்லது. அம்மாவைப் பதினேழு வருஷம் குற்றவாளி ஆக்கி வைத்திருந்தபோது இந்த நியாயவான்கள் எல்லாம் எங்கே போயிருந்தார்கள்?

சேலத்திலிருந்து வந்ததும் டாக்டர் சொன்னதை அம்மாவிடம் ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அவள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப, நான் அறுத்ததுனால இல்லியா சாமி?"

"இல்லம்மா. இல்லவே இல்ல."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"நானாவா போயி அறுத்தேன்? அன்னிக்குக் கெரகணம்னு பண்ணையத்து ஆளுக ஆரும் வரல. காளை காத்தாலயிருந்து கத்துது, ரெண்டு கட்டுத் தட்டு அறுத்துப் போடுன்னு உங்கப்பாதான் அருவாள எடுத்துக் குடுத்தாரு. உண்டாயிருக்கறனேங்கன்னு சொன்னேன். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது போன்னாரு."

"இத ஏம்மா இத்தன வருசமாச் சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா ஆரு நம்புவா? அவரே சொல்லுவாருன்னு இருந்தேன்" என்றாள் அம்மா. மறுபடி கம்பைப் புடைக்க ஆரம்பித்தாள்.

அவரே சொல்லுவார் என்று பதினேழு வருஷம் காத்திருந்திருக்கிறாள்! அன்றைக்கு முடிவு செய்தேன். நாலு பேர் நடுவில் அந்த மனிதர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்காவிட்டால் நான் அவள் மகளில்லை.

அதற்கான நாளை அவரே குறித்துக் கொடுத்தார். எங்களில் மகள் உண்டாகி ஏழாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுபோவது வழக்கம். பெற்றவள் தன் கையால் பலவகைச் சோறு ஆக்கி, சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப்போய், மகளை உட்கார வைத்துப் பரிமாறி, பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். பெண்ணைப் பெற்றவளுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அப்பா சாளைக்கு வந்து, வெளியே நின்றபடியே, "சோறு என்ற தங்கச்சி கொண்டு போவா. நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் வந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வாழ்நாளில் எதற்கும் கேட்காதவள், "நான் ஒருவாட்டி அவளுக்குச் சோறு போட்டுப் பாத்தாப் போதுஞ் சாமி" என்று மட்டும் சொன்னாள். நாலு வயதில் அக்காவை அவளிடமிருந்து பிரித்தார்கள். அதற்குப் பிறகு மகள் இலையில் ஒரு கரண்டி சோறு வைக்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான் அக்காவின் வீட்டுக்காரருக்குச் சொல்லியனுப்பினேன். டாக்டர் சொன்னதைப் பக்கத்திலிருந்து கேட்டவர் அவர். "வண்டி அனுப்பறேன், வாங்க" என்று பதில் வந்தது.

கட்டுச்சோற்றன்று விடியற்காலையில் அம்மா குளித்துவிட்டுப் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு என்று ஆக்கி, குண்டான்களில் வைத்து வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினாள். அப்பாவும் அத்தையும் பங்காளிகளும் முன்னாலேயே போய்விட்டார்கள். நாங்கள் போய் இறங்கியபோது பந்தலில் இலை போட்டாகிவிட்டது. நடுவில் அக்கா. எதிர்வரிசையில் முதல் இலையில் அப்பா. கரண்டியும் கையுமாக அத்தை. அம்மா குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தல்காலைத் தாண்டாமல் நின்றாள்.

"அவ எதுக்கு வந்தா?" என்றார் அப்பா, அம்மாவைப் பார்க்காமலே. "உண்டாயிருக்கற புள்ளைக்கு அவ கைச்சோறு ஆகாது. திருப்பி அனுப்புங்க."

அக்காவின் மாமியார் கையைப் பிசைந்துகொண்டு, "சாங்கியம்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்று இழுத்தாள்.

நான் இலைகளுக்கு நடுவில் நடந்துபோய் அப்பாவுக்கு எதிரே நின்றேன். அவர் உட்கார்ந்திருந்ததால் என் முகமும் அவர் முகமும் நேருக்கு நேர் இருந்தன. குரலில் எவ்வளவு மரியாதை வைக்க முடியுமோ அவ்வளவும் வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்கப்பா, நம்ம பழைய காளைய எதுக்குங்க வித்தீங்க?"

மாட்டுப் பேச்சென்றால் அவருக்கு எந்த நேரமும் நேரம்தான். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வயசாயிப்போச்சு, வித்தேன். அதுக்கென்ன இப்போ?" என்றார்.

"வயசானா என்னங்க? பாக்க நல்லாத்தானே நின்னுது?"

"பாக்க நின்னா ஆச்சா? கன்னு கோளாறா உழுகும். மாடு வெச்சிருக்கறவன் ஆரை வேணாலும் கேட்டுப்பாரு."

"பசு மேல தப்பில்லீங்களா?"

"பசு என்ன பண்ணும்? வித்துல இருக்குது எல்லாம்."

"சரிங்கப்பா. நான் பொறந்தப்போ உங்களுக்கு என்ன வயசுங்க?"

முதலில் சிரித்தவர் அக்காவின் மாமனார். அவருடைய பசுவையும் அந்தக் காளைக்குச் சேர்த்திருந்தார். சிரிப்பை இருமலாக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு ஒவ்வொருவராக, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, பங்காளிகள்கூடச் சிரித்தார்கள். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"ஆருகிட்டப் பேசறேன்னு தெரியுதா புள்ளே?"

"தெரியுதுங்க. கெரகணத்தன்னிக்கு எங்கம்மா கையில அருவாளக் குடுத்து, காளைக்குத் தட்டு அறுத்துப் போடச் சொன்னவருகிட்டத்தான் பேசறனுங்க."

"நானா சொன்னேன்?" அவர் அம்மாவைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் அவளை நேராகப் பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அம்மா தலையைக் குனியவில்லை. "நீங்கதானுங்க சொன்னீங்க. உண்டாயிருக்கறேன்னேன். ஒண்ணும் ஆகாது போன்னீங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

அத்தையின் கரண்டி அப்படியே நின்றது. "அண்ணா?" என்றாள். அவளுக்கும் இது தெரியாது. அப்பா மேல்துண்டைத் தேடினார். அது அவர் தோளிலேயே கிடந்தது.

ஒரு கிழவர் தடுமாறுவதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்பீர்கள். வரவில்லை. டாக்டர் எச்சரித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பாவின் வயதும் குற்றமில்லைதான். தெரிந்தேதான் கேட்டேன். செய்யாத குற்றத்துக்கு நாலு பேர் முன்னால் தலை குனிவது எப்படி இருக்கும் என்று ஒருநாளாவது அவருக்குத் தெரியட்டும் என்றுதான் கேட்டேன். அம்மா பதினேழு வருஷம் குனிந்திருந்தாள்.

அப்போது அக்கா பேசினாள். "அம்மா, பசிக்குது. வந்து சோறு போடு."

மாமியார் விலகி வழிவிட்டாள். அம்மா பந்தலுக்குள் வந்து, துணியை அவிழ்த்து, மகளின் இலையில் முதல் கரண்டி புளிச்சோற்றை வைத்தாள். பாதி வெளியே சிந்தியது. அக்கா சிந்தியதையும் சேர்த்து அள்ளிச் சாப்பிட்டாள். அம்மா இலைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, அக்கா மெல்லுவதையே பார்த்தாள். இந்த முறை அவள் பார்வையை யாரும் மறைக்கவில்லை.

அப்பா எழுந்துவிட்டார். பெரியவர் எழுந்தால் பந்தி முழுக்க எழுந்துவிடவேண்டும் என்பது எங்களில் வழக்கம். அவர் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பங்காளிகள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தரும் எழவில்லை. தனியாக நடந்து வண்டிக்குப் போனார்.

அவருடைய இலை அப்படியே இருந்தது, கை படாமல். நான் போய் அதன் முன்னால் உட்கார்ந்தேன். அம்மாவைக் கூப்பிட்டு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.